ஒலிக்கலை விழாவில் ஊதிய சங்கு

எழுபதுகளில் திருவொற்றியூரில் ஒலி ஒளிக் கலை விழாவும் கருத்தரங்கும் நடந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. நடந்தது ஐயா, நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூட ஹாலில்தான் நடந்தது. கலையை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று அடையாறு பக்கத்திலிருந்து ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக வந்து இறங்கினார்கள்.

முதல் நாள் மக்கள் வரவில்லை. ஓர் ஓட்டை வாளியின் படத்தைச் சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கூடவே டேப்பில் தண்ணீர் சொட்டியது. எங்கள் தெருக் குழாயில் அதுகூடச் சொட்டுவதில்லையே என்ற வயிற்றெரிச்சலோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் என் டேப். பள்ளிக்கூட டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து, துறைமுகக் கிரேன், கூட்ஸ் வண்டி, அலை, தொழிற்சாலைச் சங்கு எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்தேன். உள்ளூர் ஆள் ஒருத்தராவது வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பாராட்டு யாருக்கு வேண்டும்? என் அப்பா அதை உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்தத் தொழிற்சாலையிலேயே ஆயுசைக் கழித்து ரிடையர் ஆனவர். அன்றிலிருந்து கட்டிலே கதி. எதைச் சொன்னாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"சத்தம் கேக்கறதுக்கு ஹாலுக்குப் போவணுமா? நம்ம வூட்டாண்ட இல்லாத சத்தமா கண்ணு?" என்றார்.

"எனக்காக வா நைனா."

வந்தார். அன்று ஹாலும் நிறைந்திருந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பயந்துபோன விழாக்காரர்கள், மதிய ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை டீயும் பன்னும் தருகிறோம் என்று உள்ளே அழைத்துவந்திருந்தார்கள். பன் கடித்தபடி அலையைக் கேட்டார்கள், கிரேனைக் கேட்டார்கள். அப்பாவும் கேட்டார். எனக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது.

அப்புறம் சங்கு ஊதியது. அவ்வளவுதான், மொத்த ஹாலும் எழுந்தது. மிச்ச பன்னை வாயில் திணித்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, வாசலை நோக்கி ஒரே ஓட்டம். "சங்கு வுட்டுட்டான், கேட்டை மூடிருவான்" என்று ஒருவர் கத்தினார். நாற்காலிகள் உருண்டன. விழாக்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

கருத்தரங்கத் தலைவர்தான் முதலில் சுதாரித்தார். மைக்கைப் பிடித்து, பார்வையாளரே படைப்பாக மாறிய அபூர்வத் தருணம் இது என்று ஆரம்பித்தார். வெளிநடப்பும் கலையே என்றார். பம்பாய் விழாவுக்கும் இந்த டேப்பை அனுப்பப்போவதாக அறிவித்தார். அங்கே இந்தச் சங்குக்கு யார் எழுந்திருக்கப்போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. என் கண் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு, மறு காலால் இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா போற? உனக்குத்தான் ரிடையர் ஆயிடுச்சே."

"தெரியும் கண்ணு. காலு தானா எந்திரிச்சிக்கிச்சு."

மாட்டிய செருப்பையும் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"அந்தச் சங்க மட்டும் இன்னொரு தபா போடு. உக்காந்துகினே கேக்கறேன்."

தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். சங்கு ஊதி ஓயும்வரை அப்பா இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.