சடையன் கூப்பிட்ட சாட்சி

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறுவருஷம் அது. ராசிபுரம் பஸ் ஓட்டிய சடையன் குடித்துவிட்டு ஆள்மேல் வண்டியை ஏற்றிக் கொன்றுவிட்டான் என்று ஊரே பேசியது. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்தானே. அன்றைக்கு அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல்தான் வண்டியை எடுத்தான்.

மல்லூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் தேய்ந்துபோச்சு என்று பலமுறை சொல்லியும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. எருமை ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்த கிழவர் சக்கரத்தில் அகப்பட்டுச் செத்தார். இறங்கிப் பார்த்த சடையன் மயங்கி விழுந்தான். கல்லுடைக்கப் போகும் உண்ணாமலை பக்கத்துக் குடிசையிலிருந்து ஓடிவந்து, அவன் பல்லைப் பிரித்து ஒரு கரண்டி சாராயத்தை ஊற்றினாள். பதறி விழுந்தவனுக்கு அவள் அறிந்த மருந்து அதுதான். அவன் எழுந்து உட்காரவும் போலீஸ் வரவும் சரியாக இருந்தது. டாக்டர் முகர்ந்து பார்த்து, சாராய நெடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜாமீனில் வந்தவனிடம் வக்கீல் சண்முகவேல் விவரமாகச் சொன்னார். குடித்ததற்கு ஒரு கேஸ், ஆள் செத்ததற்கு ஒரு கேஸ். முதல் கேஸ் ருசுவானால் இரண்டாவதும் இறுகிவிடும்.

"குத்தத்தை ஒத்துக்கிட்டீன்னா தண்டனை கொறையலாம். இல்லீன்னா அந்தப் பொம்பளை வந்து, சாராயத்தை நாந்தான் ஊத்துனேன்னு சொல்லோணும். சொன்னா அவளைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. சாராயம் வெச்சிருந்ததே குத்தமாச்சே. யோசிச்சுக்க."

சடையன் யோசிக்கவே இல்லை. ஜெயில் என்றால் அவனுக்கு அப்படியொரு பயம். நேரே மல்லூருக்குப் போனான்.

"அக்கா, கோர்ட்டுல வந்து நடந்ததைச் சொல்லுங்க. என்னைய உட்டுருவாங்க."

"எனக்கொண்ணும் ஆகாதுங்களா சாமி? ஊட்டுக்காரரு கைகால் உழுந்து கெடக்கறாரு. கஞ்சி ஊத்த வேற ஆளில்லீங்க."

"உங்களுக்கு என்னக்கா ஆகும்? ஒண்ணும் ஆகாது" என்றான் அந்தப் பாவி. நாக்குக் கூசவில்லை.

உண்ணாமலை துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்து, கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். சாராயம் எங்கே இருந்தது என்று சர்க்கார் வக்கீல் தன்மையாகக் கேட்டார். "அடுப்புக்குப் பொறத்தால, பானையிலீங்க" என்றாள். அன்று சாயங்காலமே பானையும் அகப்பட்டது, அவளும் அகப்பட்டாள்.

தீர்ப்பு நாளில் அவன் கேஸும் அவள் கேஸும் ஒரே கோர்ட்டில் வந்தன. பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று முதலாளி ஏற்கனவே சத்தியம் செய்திருந்தார். அவள் ஊற்றியது நிஜமாகவே இருக்கலாம், அதற்கு முன்னால் இவன் குடிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார் மாஜிஸ்திரேட். சடையனுக்கு ஒன்றரை வருஷம், உண்ணாமலைக்கு ஆறு மாசம்.

வராந்தாவில் இருவரையும் சேர்த்தே நிறுத்தினார்கள். அவள் அவனைத் திட்டுவாள் என்று பயந்து சடையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் நெசத்தைத்தானே சொன்னேன் சாமி, அப்பறமும் உங்களை உடலீங்களே" என்று அவனுக்காக வருத்தப்பட்டாள். பிறகு குரலை இறக்கி, "எங்கூட்டுக்காரருக்குக் கஞ்சி ஊத்த ஆரையாச்சும் அனுப்பச் சொல்லி உட்டேனுங்களே, அனுப்புனீங்களா?" என்று கேட்டாள்.

அவன் யாரையும் அனுப்பவில்லை. அந்த மனுஷன் பட்டினியில் செத்துப்போன சேதி முந்தின நாளே பஸ் ஸ்டாண்டில் அவன் காதுக்கு வந்திருந்தது.

"அனுப்பிருக்கறேன்க்கா, நல்லா இருக்காரு" என்றான் சடையன்.