மாரியின் வெள்ளைக் கல்

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. சிடாம் கிரி பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குலை வெட்டுகிறேன். முனியாண்டி மரத்தடியில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுவேன், ஒரு நாளும் கும்பிட்டதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து வீடு மாரி. என்னோடு குலை வெட்டுகிறவன், ஐந்து வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் அவன் மோட்டார் சைக்கிளில் ஜெராய் மலைக்குப் போவோம். ஏறுவது கல்லுக்காக. நல்ல கல் கிடைத்தால் முதுகுப்பையில் போட்டுச் சுமந்து இறங்குவோம். மூன்று மணி நேர ஏற்றம், முழங்கால் கழன்றுவிடும். உதிரிப் பழம் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று என் பையில் இருக்கும். எடுத்த இடத்திலேயே நிறுத்துப் பார்ப்போம். கனத்தில் நான்தான் ஜெயிப்பேன். அழகில் அவன்.

அவன் வாசலில் கற்களை வரிசையாக அடுக்கியிருப்பான். எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட அங்கே போய் நின்று போட்டோ எடுத்தார்கள். என் கற்களைக் கோழிக்கூண்டுத் தகரம் பறக்காமல் இருக்க மேலே தூக்கி வைத்தாள் என் மனைவி.

"மாரி கல்லு மாதிரி ஒண்ணாச்சும் கொண்டு வரீங்களா?" என்பாள். எனக்கு உள்ளே எரியும்.

மாரிக்கு ஒரு பழக்கம். கல்லைத் தொடுமுன் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்து, "எடுத்துக்கவா ஐயா?" என்று மலையைக் கேட்பான்.

"கேட்டு எடுத்தா கனம் தெரியாதுண்ணே," என்றான் அன்றைக்கும்.

"கேக்காம எடுத்தாலும் பதினாலு கிலோ பதினாலு கிலோதான்லா," என்றேன்.

அன்று என் கல் பதினான்கு கிலோ. கறுத்த மொத்தைக் கல். அவனுடையது ஒன்பதுதான். ஆனால் பால் வெள்ளை, உள்ளே ஊசி ஊசியாகக் கறுப்புக் கோடுகள். வெயில் பட்டு மின்னியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இறங்கும்போது அவன் பையைக் கரையில் வைத்துவிட்டு ஓடையில் குளிக்கப் போனான். அவன் கல்லை, அவன் சுற்றி வைத்திருந்த சாக்கிலிருந்து உருவி என் பைக்கு மாற்றினேன். என் கல்லை அதே சாக்கில் சுற்றி அவன் பையில் வைத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் கேட்பானே என்று யோசிக்கவில்லை. அது என் வாசலில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாரி சீழ்க்கை அடித்துக்கொண்டு முன்னால் இறங்கினான். முதுகில் ஐந்து கிலோ கூடியது அவனுக்குத் தெரியவே இல்லை. எனக்கோ ஐம்பது அடி போனதும் தோள் இறங்கியது, நூறு அடியில் மூச்சு வரவில்லை, பழக்குலை தூக்கிப் பழகிய தோள் இது, வேரைப் பிடித்துப் பிடித்துத் தவழாத குறையாகத்தான் அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

"என்னாண்ணே, பெராட்டா, ரொம்பக் கனமா? இப்படிக் குடுங்க," என்றான் மாரி.

விடமாட்டேன் என்றேன். பிடுங்கினான். இரண்டு விரலில் தூக்கினான்.

"காலிப் பையத் தூக்கிட்டா இப்படி வேர்க்குது?"

தலைகீழாகக் கொட்டினான். தராசு மட்டும் விழுந்தது. பிறகு தன் பையைத் திறந்தான். சாக்குக்குள் வெள்ளைக் கல். மத்தியான வெயில், பக்கத்தில் தண்ணீர்க் கடை, நாலு ஆட்கள். கனவு என்று சொல்ல வழியில்லை.

"ஒங்க கல்ல எங்கண்ணே போட்டீங்க?"

"வழியில."

"பரவால்லலா. புடிச்சிருந்தா இத வெச்சுக்குங்க. கேட்டா குடுக்கமாட்டனா?"

வேண்டாம் என்றேன். கை நீளவில்லை.

முதுகில் பை இல்லை, கனம் மட்டும் இறங்கவில்லை. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தேன். மாரி குனிந்து டயரைப் பார்த்தான். "காத்து எறங்கிருச்சுபோல," என்றான்.

சர்க்கரைக்காக மாதம் ஒரு தடவை கிளினிக் போகிறேன். மலைக்குப் போவதற்கு முந்தின தடவை ஐம்பத்தெட்டு கிலோ. அட்டையில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். அதற்குப் பிறகு எழுபத்திரண்டு. அதே காற்சட்டை, இடுப்பு வாரில் அதே ஓட்டை. தராசை மாற்றியும் பார்த்தார்கள்.

மாரியிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளைக் கல் அவன் வாசலில் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். இன்னும் எரிகிறது.

போன வாரமும் கிளினிக் தராசில் ஏறி நின்றேன். நர்ஸ் மிஸ்ஸி முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சட்டப் பையில கல்லு கில்லு வெச்சிருக்கீங்களா அங்கிள்?"

பைகளை வெளியே இழுத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை. எழுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள்.