தலை அறுத்த மக்காச்சோளம்

போன மாசியில் புருஷன் வாந்திபேதியில் போனதிலிருந்து நூம்பல் கிராமத்து எல்லம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. சோறு வெந்ததா என்றால் வெந்தது என்பாள். ஏரி வறண்டதா என்றால் வறண்டது என்பாள். அது சண்டைக்காலம்; ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து அரிசி வருவது நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. கொழுந்தன் வேம்புலிதான் கறாராகப் பேசினான்.

"அண்ணி, ரெண்டு வயித்துக்கு இன்னா பண்ணுவே? முத்தம்மாளைப் பட்டணத்துல ஒரு வக்கீல் ஊட்டுல வேலைக்கு உட்டுடலாம். மூணு வேளை சோறு போடுவாங்க."

மகள் முத்தம்மாளுக்கு அப்போது பத்து வயது.

"ஐப்பசி வரிக்கும் பொறு. வெள்ளாமை வந்துட்டா அவ எங்கியும் போவ வாணாம்," என்றாள் எல்லம்மா. அந்த ஆண்டு அவள் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

அவள் நம்பியது, விவசாய இலாகா மேஸ்திரி கங்காதரன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த மக்காச்சோள விதையை. கைவீச்சில் தூவாதே, கயிறு கட்டி வரிசையில் ஊன்று, குழிக்கு ஒரு செடி விட்டு மற்றதைப் பிடுங்கு, முழங்கால் உயரம் வந்ததும் மண் அணை என்றார் அவர். ஊர் சிரித்தது. எல்லம்மா ஆடியில் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பயிர் ஆளுயரம் எழுந்து நின்றதும் சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

கம்பும் கேழ்வரகும் விளைவித்துப் பழகிய கைதான் அவளைக் கவிழ்த்தது. அந்தப் பயிர்களுக்கு மணி தலையில் பிடிக்கும். இதற்கோ தலையில் வெறும் பூ, கதிர் இடுப்பில். மேலே நிற்பது மலடு, வீணாகச் சத்தைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கதிர் நுனியில் பட்டுநூல் மாதிரி இழை எட்டிப் பார்க்கும் முன்பே ஒரு செடி விடாமல் தலையை அறுத்து மாட்டுக்குப் போட்டாள்.

ஐப்பசியில் கதிரை உரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் தண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு மணி.

"அந்தப் பூவுல கீற மாவு உதிர்ந்து கீழ நூல் மேல பட்டாத்தாம்மா மணி பிடிக்கும். உன்னை யாரு அறுக்கச் சொன்னது?" கங்காதரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரும் சொல்லல."

அவர் அறுக்காதே என்றும் சொல்லவில்லை. பாவம், அறுப்பாள் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மறுநாள் வேம்புலி வந்து நின்றான். எல்லம்மா மகளுக்குத் தலைவாரி அனுப்பிவைத்தாள். அழுகை வரவில்லை. வராதது அவளுக்கே பயமாக இருந்தது.

அடுத்த ஆடியில் கங்காதரனிடம் விதை வாங்கி மறுபடி ஊன்றினாள். பூவைத் தொடவில்லை. கதிர் நுனிவரை மணி பிடித்தது. காட்டுப்பாக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து வரிசைக்கு வரிசை எத்தனை அடி என்று அளந்துகொண்டு போனார்கள். எல்லம்மா கொழுந்தனைப் பட்டணத்துக்கு அனுப்பி மகளை வரவழைத்தாள். முத்தம்மாள் வளர்ந்திருந்தாள், பேச்சும் மாறியிருந்தது.

சுட்ட கதிரை அவள் கையில் கொடுத்து, "இனிமே நீ அங்க போவ வாணாம்மா," என்றாள் எல்லம்மா.

பெண் ஒரு வாய் கொறித்துவிட்டுக் கதிரைக் கீழே வைத்தாள்.

"அங்க வக்கீல் வீட்டுப் பாப்பா என்னைத் தேடுவாளேம்மா. நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்?"

"ஏழு மணிக்கு," என்றாள் எல்லம்மா.