புகை அறையில் அம்மாவின் படம்

ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பிராவில் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் கஹவத்தை டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. நான் தவழும் வயதில் அம்மா இறந்துவிட்டார். எனக்கு அம்மாவின் முகம் என்றால் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததுதான். வெள்ளிக்கிழமைகளில் அப்பா ஈரத் துணியால் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார். அந்த ஈரம் சட்டத்தின் ஓரமாக உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் கம்பஸிலிருந்து வீடியோ கோல் எடுத்தபோதுதான் கவனித்தேன். அம்மாவின் தாடையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. நான் படிப்பது உயிரியல். படத்தின் மேல்பூச்சில் உள்ள ஜெலட்டின் பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு என்பது தெரியும்.

"தொடைக்காதீங்கப்பா. ஈரமில்லாத எடத்துல மட்டும் வைங்க. நான் வர்றேன்."

"ஈரமில்லாத எடமா? அது நம்மக்கிட்டயே இருக்கே!" என்றார் அப்பா.

அவருக்கு வேலை ரப்பர் தொழிற்சாலையின் புகை அறையில். ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைப்பார்கள். நன்றாகப் புகைபட்ட ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காது. நான் வந்து சேர்வதற்குள் அம்மாவும் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கி இறங்கியிருந்தார்.

பூஞ்சணம் நின்றது உண்மைதான். ஆனால் சூட்டில் இளகிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. முகம் தேன் நிறமாகியிருந்தது. வாய் இருந்த இடத்தில் பூச்சு கரைந்து வெறும் வெள்ளைத் தழும்பு.

"ஷீட்டுக்குச் சரியா வந்துச்சே தம்பி," என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். படத்தைப் பிரிக்கப் போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரித்தால் மீதி முகமும் கிழிந்து வரும்.

சட்டத்தோடு பஸ் ஏறி கஹவத்தைக்குப் போனோம். இப்போது ஸ்டூடியோவை நடத்துகிறவர் சிங்களவர், தமிழும் பேசுவார்; 'தம்பி'க்கு மட்டும் சிங்கள 'மல்லி'.

"பழைய நெகட்டிவ் எல்லாம் பூஞ்சணம் புடிச்சு ஒட்டிப்போச்சு மல்லி, வீசிட்டோம். கம்ப்யூட்டர்ல வேற ஒரு வாய் வச்சித் தாறேன். ஒருத்தருக்கும் தெரியாது." என்னை ஒருமுறை பார்த்தார். "இல்லாட்டி மகன்ட வாயை வைப்பமா?"

"இவனுக்கு என் வாயி," என்றார் அப்பா. "வேற யாரு வாயையோ வச்சிக்கிட்டு அவ என்னைய எப்படி ஏசுவா?"

ஸ்டூடியோக்காரர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. இருக்கிறபடியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

பஸ்ஸில் அப்பா சட்டத்தை மடியில் வைத்திருந்தார். புகை மணத்துக்கு முன்சீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்த வாய்தான். அது சிரித்ததா, சும்மா மூடியிருந்ததா என்பது எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"அம்மா சிரிச்சா எப்படிப்பா இருக்கும்?"

அப்பா கண்ணாடியை முழங்கையால் துடைத்தார்.

"அவ எங்க காட்டுனா? கையால வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா. இந்தப் படத்துலதான், ஸ்டூடியோக்காரன் கைய எறக்கச் சொன்னான்."