கார் ஷெட்டின் சிவப்புத் தரை

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் தரையை விரல் முட்டியால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுவேன். என் மருமகளுக்கு அது வெட்கமாக இருக்கிறது. வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகப் போய்விடுகிறது. இந்தப் பழக்கம் எங்கே வந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு லாரி முதலாளியின் வீட்டுக் கார் ஷெட்டில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முந்தி இருக்கும். என் வீட்டுக்காரர் கொத்தனார், நான் அவருக்குச் சித்தாள். அதற்கு முந்தின வருஷம் மலைமேல் அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தோம். அங்கே தகரக் கொட்டகையில்தான் முதல் பிள்ளையைப் பெற்றேன். குளிர் தாங்காமல் பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. இப்போது மறுபடியும் ஐந்து மாதம். அணைக்கட்டு மேஸ்திரி திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். கீழே நிலையாக வேலை கிடைத்தால் போக வேண்டாம். கிடைக்காவிட்டால் இதையும் அந்தத் தகரத்துக்கு அடியில்தான் பெற வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த ஷெட்டில் அதுவரை லாரி நின்றது. அதை வெளியே அனுப்பிவிட்டு, புதிதாக வாங்கின காரை விடப்போகிறார்கள். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். சிமெண்டுத் தரை சக்கரம் பட்டுப் பட்டுப் பொடிந்து, கூட்டக் கூட்ட மாவாக வந்தது.

"சமையக்கட்டு வரைக்கும் சிமிட்டி மாவு. ரசம் குடிச்சாக்கூடப் பல்லுல நறநறங்குது," என்றார் வீட்டம்மா.

முதலாளி என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அடுத்த வாரம் வெள்ளிக்கெழம காரு வருது. தரை செவப்பா, மழமழன்னு இருக்கோணும். இது நல்லா வந்துச்சுன்னா ஊடு முச்சூடும் உனக்குத்தான். ஆறு ரூமு."

"மொகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாமுங்க," என்றார் இவர். வீட்டுக்குள் எத்தனையோ சிவப்புத் தரை போட்டவர். வண்டி நின்ற தரைமேல் போட்டதில்லை.

பழைய தரையை உளியால் கொத்தி, புதுப் பூச்சு பிடிக்கும்படி சொரசொரப்பாக்கினோம். கழுவுவது என் வேலை. லாரி எஞ்சின் ஒழுகின இடத்தில் ஒரு முறம் அகலத்துக்குக் கறுப்பாகக் கிடந்தது.

"அரப்புப் போட்டுத் தேய் புள்ள. தலையில எண்ணெயே போவுது, தரையில போவாதா?" என்றார் இவர்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் தலைக்குப் போடுகிற அதே அரப்புத் தூள்தான். அரைப்படி கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். நன்றாக வெளுத்தது. ஆனால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியபோது மற்ற இடமெல்லாம் குடித்தது, அந்த இடம் குடிக்கவில்லை. சேம்பு இலைமேல் நிற்பதுபோல் உருண்டு உருண்டு நின்றது.

வாசலில் நாற்காலி போட்டு முதலாளியும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் புருஷனிடம் "அரப்புக்குப் போகலீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கண்ணில் படட்டும் என்று அதே இடத்தில் இன்னொரு குடம் ஊற்றினேன். இன்னொன்றும் ஊற்றினேன்.

"ஏ புள்ள, அங்கயே எத்தன கொடம் ஊத்துவே? தென்னம்புள்ளயா வெச்சிருக்குது?" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றுக் குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள், பூச்சுக்கு அடியில் ஊற்றுகிற சிமெண்டுப் பாலை ஊற்றியாகிவிட்டது.

சாயங்காலம் நடந்து போகும்போது சொன்னேன்: "மாமா, அந்த எடத்துல தண்ணி உருண்டுச்சுங்க."

"காஞ்சா எல்லாம் புடிச்சுக்கும். நீ சும்மா வா," என்றார். முகத்தைத் திருப்பவே இல்லை. அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

சிமெண்டும் காவிப் பொடியும் கலந்து இழைத்த பூச்சு அழகாகத்தான் வந்தது. மண்ணால் வரப்புக் கட்டி, ஒரு வாரம் தண்ணீர் நிறுத்தினோம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. வற்றவில்லை என்று தெரிந்தும் போய்ப் போய்ப் பார்த்தேன். சிவப்புத் தண்ணீருக்கு அடியில் அந்த இடம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. "வாயும் வயிறுமா இருக்கறவ இப்படியா நடையா நடப்பே? உக்காரு!" என்று வீட்டம்மா அதட்டினார்.

புதன்கிழமை தண்ணீரை வடித்துவிட்டு, தேங்காயெண்ணெய்த் துணியால் தேய்க்க உட்கார்ந்தேன். இவர் மெழுகு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தேய்த்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் சத்தம் மாறியது. முட்டியால் தட்டினேன். மற்ற இடத்தில் கிண்ணென்றது, அங்கே டொப்பென்றது. சுற்றித் தட்டிப் பார்த்தேன். அதே முறம் அகலம். காரின் ஒரு சக்கரம் சரியாக அதன்மேல்தான் ஏறும். வெள்ளிக்கிழமை கார் பார்க்க வருகிற முதலாளியின் சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது உடையும். சனிக்கிழமை அணைக்கட்டு மேஸ்திரியின் ஆள் மறுபடியும் கூப்பிட வருவான்.

இவர் வரட்டும், சொல்லலாம் என்று எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். சொன்னால் மறுபடியும் "சும்மா இரு" என்பார். அவர் வந்துவிட்டால் எனக்குக் கை எழும்பாது என்று தெரிந்தது. மூலையில் கிடந்த உளியையும் சுத்தியலையும் எடுத்தேன்.

மூன்றாவது அடியில் ஒரு துண்டு பெயர்ந்தது. வெந்த தோசை கல்லை விட்டு எழும்புவதுபோல முழுசாக வந்தது.

சத்தம் கேட்டு வீட்டம்மா ஓடி வந்தார். "அடிப்பாவி! என்னடி பண்றே? காத்துக் கருப்பு ஏதாச்சும் புடிச்சுருச்சா? ஏனுங்க, இங்க ஓடியாங்க!"

முதலாளி வந்தார். அந்த நேரம் பார்த்து மெழுகுப் பொட்டலத்தோடு இவரும் வந்து நின்றார்.

"கைய ஒடிச்சுப் போடுவேன்!" என்று இவர் கத்தினார். பெயர்ந்த துண்டைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். அடிப்பக்கம் கறுப்பாக மினுமினுத்தது. கட்டை விரலால் தடவினார், மோந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டு, நான் தட்டின இடத்தையெல்லாம் அவரும் தட்டிக்கொண்டே போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"தப்பு எம்மேலதானுங்க. இந்தப் புள்ள அன்னிக்கே சொல்லுச்சு," என்றார் முதலாளியிடம்.

"வெள்ளிக்கெழம காரு வருதே, அத எங்கய்யா உடறது? உன்ற தலையிலயா?"

"பத்து நாளு வெளிய நிக்கட்டுமுங்க."

முதலாளி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆறு ரூமைப் பற்றிப் பேச்சே இல்லை.

எண்ணெய் ஊறின சிமெண்டை இரண்டு விரல் ஆழத்துக்கு, வெள்ளை தெரியும்வரை கொத்தியெடுத்தோம். சலவைச் சோடாவும் கொதிக்கிற தண்ணீரும் ஊற்றித் தேய்த்தேன். கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினேன். தரை குடித்தது. இவர் தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் சிமெண்டைக் குழைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்த கார் மாலையோடு வேப்பமரத்தடியில் நின்றது. காக்கைக்குப் பயந்து முதலாளி ஜமுக்காளம் போட்டு மூடினார். சனிக்கிழமை வந்த ஆளிடம் இவர், "பத்து நாளு போவட்டும்" என்றார். அந்தப் பத்து நாளும் நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்கக் கூடாது. மூட்டை கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன்.

கார் உள்ளே ஏறின அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் ஒரு பிடி கூடுதல் சிவப்பு. சக்கரம் அதன்மேல் வந்து நின்றது. ஒன்றும் ஆகவில்லை. முதலாளி இறங்கி, குதிகாலால் அங்கே இரண்டு தடவை ஓங்கி மிதித்தார். நேரே வீட்டுக்குள் போனார். என்ன அர்த்தம் என்று புரியாமல் நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, அந்தச் சுத்தியலப் போட்டுட்டு வெறுங்கையா உள்ள வா. சமையக்கட்டுல எங்கெங்க டொப்புங்குதுன்னு தட்டிச் சொல்லு. அங்கிருந்து ஆரம்பிக்கோணுமாம், அவரு சொல்றாரு."

உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினேன். முதல் தட்டிலேயே கிண்ணென்றது. ஆனாலும் கை நிற்கவில்லை. ஆறு ரூமையும் தட்டி முடித்த பிறகுதான் எழுந்தேன்.