டிஸ்பென்சர் ஐயா போட்ட கேள்விக்குறி

பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. காய்கறிக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தலைவரே, ஒங்க டிஸ்பென்சர் ஐயா மொனராகலையில தவறிப் போயிட்டாராமே." 'ஒங்க' என்றது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் சரியாகப் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

இயேசுதாசன், எனக்குத் தாஸ், எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து கலந்து கொடுத்தவர். இலவசமாக மருந்து தந்தார், மழையிலும் லயத்து வீடுகளுக்கு நடந்து வந்தார் என்று அடக்கத்தில் பேசியவர்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கடைசி வருடங்களில் எதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தேயிலை பக்டரியில் வேலை செய்தபடியே அகராதியை வைத்துப் படித்தவன். பிழை இருந்தால் அவரை அறிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் மின்சிகரெட்டைத் தோட்டத்துக்குக் கொண்டுவரத் தொடங்கிய காலம். நாட்டில் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் கடையில் மறைவாகக் கிடைத்தது. தாஸ் பழுதான ஒன்றை வாங்கி, மருந்தக மேசையில் பிரித்துப்போட்டார். ஒரு பற்றரி, ஒரு கம்பி, கொஞ்சம் பஞ்சு, ஒரு திரவம். "பாத்தீங்களா, கம்பி சுடுது, திரவம் ஆவியாகுது. சூட்டக் கூட்டினா அதே திரவம் வேற சாமானா மாறிடும். பஞ்சு காஞ்சா கருகும். அந்தக் கருகலும் நெஞ்சுக்குள்ளதான் போகும்" என்றார்.

பிறகு ஒரு கொப்பியில் மூன்று கட்டம் போட்டார். முதலாவதில் ஒரு சட்டம்: நிக்கோடினைக் குறைத்தால், வாசனையைத் தடுத்தால், முழுதாகத் தடுத்தால். இரண்டாவதில், அதற்கு மனிதர்கள் என்ன செய்வார்கள். மூன்றாவதில், அப்போது நெஞ்சுக்குள் என்ன நஞ்சு போகும். மூன்றாவது கட்டத்தில் பாதிக்கு மேல் கேள்விக்குறிதான். நான் சிரித்தேன். "தெரியாதத தெரியும்னு எழுதினா அது மருந்துச் சீட்டு இல்ல தலைவரே, மந்திரிச்ச தாயத்து" என்றார்.

அப்போதும் நான்தான் கோயில் கமிட்டித் தலைவர். கடைகளிலும் பிள்ளைகளிடமும் இருக்கும் திரவப் புட்டிகளைப் பறித்து அழிப்பது என்று தீர்மானம் எழுதினேன். கருவிகளைத் தொடுவதில்லை, உழைத்து வாங்கிய சாமானைப் பறித்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். எண்ணெய் இல்லாமல் விளக்கு எரியாது என்று நினைத்தேன். தாஸ் கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"பக்டரிக்காரர் நீங்க. ஒரு நாளைக்கு ஒரு ஆளு இத்தன கிலோ கிள்ளணும்னு தோட்டத்து தொரை கூட்டினாரே, அப்ப ஒங்களுக்கு என்ன கொழுந்து வந்துச்சு?"

"முத்தல் எல" என்றேன்.

"கொழுந்து கிள்ற பொம்பளைங்க யாராவது ரூல மீறினாங்களா? ரூலுக்குள்ளயே நின்னு முத்தலையும் சேத்துக் கிள்ளினாங்க. தேத்தண்ணிதான் கெட்டுச்சு. புட்டிய மட்டும் பறிச்சீங்கன்னா, கருவி கையில இருக்கு. என்னத்தையாவது ஊத்துவாங்க. அது பத்தலன்னா சூட்டக் கூட்டுவாங்க."

பின்வரிசையில் யாரோ, "ஐயா இப்ப டிஸ்பென்சரா, சாஸ்திரக்காரரா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக அல்ல, என் தீர்மானத்துக்காக. "தாஸ், இது கோயில் கமிட்டி. ஒங்க கருத்த ஒங்க சபையில போய்ச் சொல்லுங்க" என்றேன்.

முப்பது வருடப் பழக்கத்தில் அவர் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் என்பது அன்றுதான் என் வாயில் வந்தது. "சரிங்க தலைவரே" என்று கொப்பியை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். தீர்மானம் நிறைவேறியது. அந்த மாதமே அவர் மகளோடு இருக்க மொனராகலைக்குப் போய்விட்டார். நான் வழியனுப்பப் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து என் மகன் ரவியைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முப்பத்திரண்டு வயது, மரக்கறி லொறி ஓட்டுகிறவன். மூச்சு வாங்கக் கஷ்டப்பட்டான். அவன் புட்டியைப் பறித்தவர்களில் நானும் ஒருவன். "வழியில ஒருத்தன் பேர் ஒட்டாத புட்டி குடுத்தான்பா. இழுத்தா ஒண்ணும் பத்தல. சூட்டக் கூட்டிட்டேன்" என்றான். அதுதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் தாஸ் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து ரவியிடம் கேட்டார்: "திரவம் என்ன நெறம்டா? கருகின வாசம் வந்துச்சா?" பொறுமையாக எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். தான் சொன்னது நடந்துவிட்டது என்று அவர் எழுதவில்லை. மூன்றாவது கட்டத்தில் அப்போதும் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டார். என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்டீங்களா?"

ஆமாம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அவர் எழுந்து போகும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ரவி பிழைத்தான், ஆனால் லயத்துப் படிகளை ஒரே மூச்சில் ஏற முடிவதில்லை. அவன் படியில் நிற்கும் ஒவ்வொரு முறையும், நாளை மொனராகலைக்கு ஒரு போன் எடுக்க வேண்டும் என்று நினைப்பேன். எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு கமிட்டியைக் கூட்டினேன். "அன்னைக்கு இயேசுதாசன் சொன்னது சரி. அவர வெளிய அனுப்பினது என் பெழ" என்றேன். செயலாளர், "அதெல்லாம் இப்ப எதுக்குத் தலைவரே, விடுங்க" என்றார். தேத்தண்ணி வந்தது. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

அந்த மின்சிகரெட் சனியன் தோட்டத்துக்குள் வரவே கூடாது என்பதில் நான் இன்றும் மாறவில்லை. கருவியையும் சேர்த்துப் பறிக்க வேண்டும் என்று புதிய தீர்மானம் எழுதியிருக்கிறேன். எல்லோரும் சம்மதம் என்கிறார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் தனியே உட்கார்ந்து, இதற்கு தாஸ் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் குரலில் சொல்லிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று கட்டத் தர்க்கம் ஒன்றைத்தான். கருவியும் போனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற இரண்டாவது கட்டத்தில் பாதி வரை வருகிறது. மீதியை அவர்தான் சொல்ல வேண்டும்.