தடிமனான பிஸ்கட்

மூன்றாவது தட்டையும் அடுப்பிலிருந்து இழுத்தபோது தஹானிக்குக் கண் எரிந்தது. சமையலறை முழுக்க மூத்திர நெடி. மாவு உப்ப நவச்சாரம் போட்ட பிஸ்கட் வேகும்போது அப்படித்தான் நாறும். நோன்பின் கடைசி வாரத்தில் ஷுப்ரா வட்டாரத்தின் எல்லா மாடிப்படிகளும் அப்படித்தான். அதனால் அவள் பொருட்படுத்தவில்லை.

மேல்மாடி ஸனிய்யா கதவருகே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, பிஸ்கட்டா, செங்கல்லா?"

"மெலிசா போட்டா மதீஹா சும்மா விடுவாளா? மாவுலயும் கஞ்சத்தனம்னு ஊரெல்லாம் சொல்லுவா."

மதீஹா, மகள் ரீஹாமின் மாமியார். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் பெருநாள். தாய் தன் கையால் சுட்டதுதான் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். கணவன் இறந்ததிலிருந்து தஹானி சீருடைத் தையல் பட்டறையில் இருக்கிறாள். பெருநாள் பலகாரமெல்லாம் கடையில்தான். "உங்க கைக்கு ஊசிதான் பழக்கம்போல" என்று நிச்சயதார்த்தத்தன்றே மதீஹா சிரித்திருந்தாள். காலையில் ரீஹாம் போனில் சொன்னாள்: "அம்மா, நீ சுடுறேன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மானத்த வாங்கிடாத."

நோன்பில் ருசி பார்க்க முடியாது. சூடு ஆறும் முன்பே பிஸ்கட்டுகளை டின்னில் அடுக்கி மூடியை அழுத்தினாள்.

மாலை பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கத் தண்ணீர், பேரீச்சம்பழம். பிறகு தேநீரோடு ஒரு பிஸ்கட். மேலே மொறுமொறுப்பு, பல் உள்ளே இறங்கியதும் ஈரப்பசை. நெடி மூக்கின் பின்பக்கமாக ஏறி மண்டைக்குள் போனது. பள்ளிக்கூடக் கக்கூஸை நக்கியதுபோல் இருந்தது. தொட்டியில் துப்பினாள். பேரீச்சம்பழமும் வெளியே வந்தது.

இன்னொன்றை உடைத்தாள். இன்னொன்றை. எல்லாவற்றின் வயிற்றிலும் அதே மஞ்சள் ஈரம், அதே நாற்றம். நெய் ஊறிய விரல்களிலும் அதுதான்.

கூட உட்கார்ந்து நோன்பு திறந்த ஸனிய்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மெலிசா இருந்தாத்தானே அந்த நாத்தம் வெளிய போகும்? உன் தாராளத்துல உள்ளயே குடியேறிடுச்சு."

"வாய மூடு. மறுபடி சுடணும்னா மாவு கலக்கணும், அந்த நெடியில நிக்கணும். எதுக்கு? அவ மூக்கச் சுளிக்காம இருக்கவா?"

"பொண்ணுக்காக."

தஹானி குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். நகக்கண்ணிலிருந்து நாற்றம் போகவில்லை.

மறுநாள் பிஸ்கட்டுகளை மூட்டையாகக் கட்டிக் குப்பைக்காரரிடம் கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். பட்டறையில் மதியம்வரை காலர் தைத்தாள். திரும்பும் வழியில் கடையில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி, கடையின் பெயர் போட்ட ரிப்பனைக்கூட அவிழ்க்காமல், மதீஹா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"கடைதானா?" என்றாள் மதீஹா.

"கடைதான்."

ரீஹாம் தாயைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்துவைத்தாள். மதீஹா பெட்டியைக் குளிர்ப்பெட்டியின் மேல் வைத்தாள். எல்லோரும் நோன்பு திறந்தார்கள். கோழியில் உப்பு அதிகம். தஹானி சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினாள்.